‘வீட்டிலிருந்தே படிக்கலாம்’: யார் வீட்டிலிருந்து?

இணையவழிப் பட்டப்படிப்பு விளம்பரங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நான் பார்த்தவரை, ஆணின் படம் போட்ட விளம்பரத்தில் ‘வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்’ என்றிருக்கும். பெண்ணின் படம் போட்டதில் ‘வீட்டிலிருந்தே படிக்கலாம்’ என்றிருக்கும். ஒரே படிப்பு, ஒரே கட்டணம், ஒரே தேர்வு. ஆனால் அவனுக்கு வேலை இருக்கிறது, அவளுக்கு வீடு இருக்கிறது. வீட்டில் நடப்பது வேலை இல்லை என்ற தீர்ப்பு, சேர்க்கைப் படிவத்தைக் கையில் வாங்கும் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு இணையவழியில் பி.ஏ. சமூகவியல் படிக்கிறேன். வயது 41. பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்ட படிப்பை இப்போது தொடர்கிறேன். முதல் பருவத்தின் முதல் தாள் ‘சமூகவியல் அறிமுகம்’. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு கல்லூரியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் வாதம் இதுதான்: பெண்ணுடைய நேரத்தையும் உழைப்பையும் கணக்கில் சேர்க்காமல் ஒரு படிப்பை வடிவமைக்கிறார்கள். பிறகு, சமூகவியல் என்ற பெயரில், அதே விடுபடலைப் பாடமாகவும் நடத்துகிறார்கள். இந்தப் படிப்பை மூடிவிடச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. இதுவே போதும் என்று பெண்களுக்குச் சொல்லும் கூட்டத்திலும் இல்லை.

நேரம் யாருடையது?

தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு என்பது பொதுக் கணக்கு. காணொளி பார்ப்பது, பாடம் வாசிப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி நேரம். ஒரு பருவத்தில் 20 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 600 மணி நேரம். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு மூன்று மணி இருபது நிமிடம். ஞாயிறு, தீபாவளி, பொங்கல், மாமனாரின் திதி, பிள்ளையின் காய்ச்சல் எதற்கும் விடுப்பு இல்லாமல்.

இந்த மூன்று மணி இருபது நிமிடம் எங்கிருந்து வரும்? ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடும் நேரம் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். ‘ஈடுபடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பெண்களில் 81 சதவீதம் பேர் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 26 சதவீதம் பேர். மற்ற ஆண்கள் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. குழந்தைகளையும் முதியவர்களையும் கவனிப்பது இதில் சேராது, அது தனிக் கணக்கு.

ஆக, ஐந்து மணி நேர வீட்டு வேலை முடிந்த பிறகு மூன்றரை மணி நேரப் படிப்பு. நடுவில் கூலி வேலையோ கடை வேலையோ இருந்தால் அது தனி. ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்பிச் செய்யும் வேலைக்கு ‘இரண்டாவது ஷிஃப்ட்’ என்று 1989இல் பெயர் வைத்தார். இணையவழி மாணவி மூன்றாவது ஷிஃப்டில் இருக்கிறாள். அந்த ஷிஃப்ட் இரவு பத்தரைக்குத் தொடங்குகிறது. அவள் எடுத்துச் செலவழிப்பது ‘ஓய்வு நேரம்’ அல்ல, தூக்கம்.

‘உங்கள் வசதிப்படி, உங்களுக்கு ஏற்ற நேரத்தில் படிக்கலாம்’ என்கிறார்கள். எந்த நேரமும் படிக்கலாம் என்பது, எந்த நேரமும் எழுப்பப்படலாம் என்பவளுக்குச் சலுகை அல்ல. கல்லூரிக்கு நேரில் போகும் பெண்ணை, பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை யாரும் காபி கேட்டுக் கூப்பிட முடியாது. சுவரும் வாசலும் மணியும் அவளுக்குக் காவல். என் வகுப்பறைக்குச் சுவர் கிடையாது. காதில் இயர்போன் இருந்தாலும் ‘சும்மாதானே உட்கார்ந்திருக்கே’ என்பார்கள். நேரத்தை வளைத்துக்கொள்ளலாம் என்ற வசதி இப்படித்தான் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது. வளைவது நேரமல்ல, நாம்.

கைபேசிக்கு வருவோம். 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கும் பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். வீட்டில் போன் இருப்பது வேறு, பெண் கையில் போன் இருப்பது வேறு. என்னோடு படிக்கும் ஒரு பெண்ணின் பதிவு எண் கணவருடையது. அவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் ஓடிபி அவருக்குத்தான் போகும். ஷிஃப்டில் இருக்கும்போது அவரால் போனை எடுக்க முடியாது. நல்ல மனிதர், படிப்பைத் தடுப்பவர் இல்லை. ஆனாலும் அவள் வகுப்புக்குள் நுழையும் சாவி 300 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ஆணின் சட்டைப்பையில் கிடக்கிறது. இதைப் படிப்பை நடத்துகிறவர்களிடம் சொன்னால் ‘எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்பார்கள். இரண்டாவது எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய யார் பணம் தருவது என்று கேட்க மாட்டார்கள்.

‘மனைவி’ என்பதே சரியான விடை

இவ்வளவையும் தாண்டி உள்ளே போனால் என்ன கிடைக்கிறது? மூன்றாவது அலகு, ‘குடும்பம்’. ஜார்ஜ் மர்டாக் 1949இல் 250 சமூகங்களை ஒப்பிட்டுக் குடும்பத்துக்கு நான்கு பணிகள் என்று வகுத்தார்: பாலுறவு, இனப்பெருக்கம், பொருளாதாரம், கல்வி. அடுத்து டால்காட் பார்சன்ஸ். 1955இல் வந்த நூலில் அவர் ஆணுக்குக் கருவிசார் பங்கு, பெண்ணுக்கு உணர்வுசார் பங்கு என்று பிரித்தார். அவன் சம்பாதித்து வருவான், அவள் அன்பால் நிரப்புவாள், சமூகம் சமநிலையில் ஓடும்.

அலகின் முடிவில் கொள்குறி வினா. குடும்பத்தில் உணர்வுசார் பங்கை வகிப்பவர் யார்? கணவர், மனைவி, பிள்ளைகள், உறவினர். ‘மனைவி’ என்று தொட்டால் பச்சை நிறம் வரும், ஒரு மதிப்பெண். நம் வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தெட்டுப் பெண்கள். கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருப்பவர், அங்கன்வாடி ஊழியர், கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்ப்பவர், கணவர் குடித்துப் படுத்துக்கிடப்பதால் வீட்டின் ஒரே வருமானமாக இருப்பவர். அத்தனை பேரும், தங்கள் வாழ்க்கை பொய் என்று சொல்லும் விடையைத் தொட்டு ஒரு மதிப்பெண் வாங்கினோம். தவறாகத் தொட்டால் சிவப்பு வரும். ‘ஏன்?’ என்று கேட்கத் திரையில் பொத்தான் இல்லை.

பார்சன்ஸைப் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்சன்ஸோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். ஆன் ஓக்லி 1974இல் ‘வீட்டு வேலையின் சமூகவியல்’ என்ற நூலை வெளியிட்டார். லண்டனில் 40 இல்லத்தரசிகளைச் சந்தித்து, அவர்கள் செய்வதைப் ‘பங்கு’ என்றோ ‘அன்பு’ என்றோ சொல்லாமல் ‘வேலை’ என்று எடுத்துக்கொண்டு, தொழிற்சாலை வேலையை ஆராய்வதைப்போல ஆராய்ந்தார். வாரத்துக்குச் சராசரி 77 மணி நேரம் என்று வந்தது. அந்தப் புத்தகத்துக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது. அறிமுகப் பாடத்தில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்க இன்னும் நேரம் வரவில்லையா?

வேடிக்கை என்னவென்றால், நீதிமன்றத்துக்குத் தெரிந்தது பாடத்துக்குத் தெரியவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து உற்பத்தியில் ஈடுபடாதவர்களாக வகைப்படுத்தியதை 2010இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் பங்குண்டு, அவள் உழைப்பும் அதில் இருக்கிறது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு ‘உதவித்தொகை’ என்று பெயர் வைக்காமல் ‘உரிமைத்தொகை’ என்று வைத்தது. தொகை போதுமா என்பது வேறு விவாதம். உழைப்பு என்ற சொல் அங்கெல்லாம் வந்துவிட்டது. என் பாடத்தில் இன்னும் ‘உணர்வுசார் பங்கு’தான்.

அசைன்மென்ட் ஒன்றில் ‘குடும்பத்தில் வேலைப் பிரிவினை’ என்று கேட்டிருந்தார்கள். என் அம்மாவின் ஒரு நாளை எழுதினேன். எங்களுக்கு ஆறு மா நிலம். நெல் அவிப்பது, காயவைப்பது, இரண்டு மாடுகளைப் பார்ப்பது, நடவுக்கு வரும் ஆட்களுக்குச் சமைத்து வயலுக்குக் கொண்டுபோவது எல்லாம் அம்மா. எந்தப் படிவத்திலும் அவருடைய தொழில் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருக்கிறது. அப்பாவுக்கு ‘விவசாயம்’. மணிக்கணக்குப் போட்டு, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டு முடித்திருந்தேன். திரும்பி வந்த தாளில் ஒரு வரி: ‘சொந்த அனுபவம் தேவையில்லை. பாடப்பகுதியை ஒட்டி எழுதவும்.’

டோரதி ஸ்மித் என்ற கனடியச் சமூகவியலாளர் தன் வாழ்நாள் முழுக்க எதிர்த்தது இந்த ஒரு வரியைத்தான். பெண்களின் அன்றாடத்திலிருந்து தொடங்காத சமூகவியல், ஆட்சி செய்பவர்களின் மேசையிலிருந்து பார்க்கப்பட்ட சமூகவியல் என்பது அவர் வாதம். தனிமனிதத் துன்பத்தைப் பொதுப் பிரச்சினையோடு இணைத்துப் பார்ப்பதே சமூகவியல் கற்பனை என்று சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதியதை முதல் அலகிலேயே மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஒரு மாணவி அதைச் செய்துகாட்டினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள்.

அடிக்குறிப்பில் இருப்பவள்

‘சமூகவியலின் தந்தை ஆகஸ்ட் காம்ட்.’ இந்த வாக்கியம் இல்லாத அறிமுகப் பாடத்தை நான் பார்த்ததில்லை. இந்தத் துறைக்குத் தந்தை, முன்னோடிகள், மூவர் என்று ஒரு வம்சாவளியே வைத்திருக்கிறார்கள். தாய் என்று யாரும் இல்லை. தந்தை மட்டுமே பெற்ற பிள்ளைபோலும்.

ஹேரியட் மார்ட்டினோ 1834 முதல் 1836 வரை அமெரிக்காவில் பயணம் செய்து, 1837இல் ‘அமெரிக்கச் சமூகம்’ என்ற நூலை வெளியிட்டார். எல்லோரும் சமம் என்று அறிவித்த நாட்டில் அடிமைகளுக்கும் பெண்களுக்கும் அரசியலில் இடமில்லை என்ற முரண்பாட்டை அந்த நூல் பிடித்துக்காட்டியது. அடுத்த ஆண்டே ஒரு சமூகத்தை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று முறையியல் நூல் எழுதினார். எமில் துர்கைம் தன் முறையியல் விதிகளை 1895இல்தான் எழுதுகிறார், 57 ஆண்டுகள் கழித்து. மார்ட்டினோவுக்குச் சிறுவயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. காதுக்குழலை நீட்டிப் பிடித்துக்கொண்டே ஒரு நாட்டை விசாரித்தார். காம்டின் ஆறு தொகுதிகளை இரண்டாகச் சுருக்கி 1853இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தச் சுருக்கம் காம்டுக்கே பிடித்துப்போனது, பிறகு அது பிரெஞ்சுக்குத் திரும்ப மொழிபெயர்க்கப்பட்டது. பெண்கள் இயல்பிலேயே கீழானவர்கள் என்று ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்குக் கடிதம் கடிதமாக வாதாடிய மனிதரின் நூலை உலகுக்கு எடுத்துச் சென்றவர் ஒரு பெண். பாடத்தில் மார்ட்டினோவுக்கு இடம் இருந்தால், ‘காம்டை மொழிபெயர்த்தவர்’ என்ற அளவில்தான்.

துர்கைமுக்கு வருவோம், அது இன்னும் கனமானது. 1897இல் வந்த ‘தற்கொலை’ எல்லா அறிமுகப் பாடத்திலும் உண்டு. திருமணம் மனிதரைச் சமூகத்தோடு பிணைத்துக் காப்பாற்றுகிறது என்று ஆசிரியர் சொல்லிவிட்டுப் போகிறார். துர்கைமின் எண்களோ, திருமணம் ஆணைக் காப்பாற்றுவதுபோல் பெண்ணைக் காப்பாற்றவில்லை என்று காட்டின. குழந்தையில்லாத மனைவியர், அதே வயதுத் திருமணமாகாத பெண்களைவிட அதிகமாகத் தற்கொலை செய்துகொண்டார்கள். இதற்கு அவர் சொன்ன காரணங்களில், பெண்ணின் மனம் ஆணுடையதைப்போல் வளர்ந்ததல்ல என்ற அந்தக் காலத்து முட்டாள்தனமும் உண்டு. ஆனால் எண்கள் எண்கள்தான். எல்லாப் பக்கமும் கட்டுப்பாடு இறுகி, எதிர்காலமே அடைபட்டுப்போனவர்களின் சாவு என்று நான்காவது வகை ஒன்றையும் அவர் குறிப்பிட்டார். அதற்கு உதாரணமாகச் சொன்னவர்களில் குழந்தையில்லாத மனைவியரும் அடிமைகளும் உண்டு. அதை எங்கே வைத்தார் தெரியுமா? ஒரு அடிக்குறிப்பில். இது அதிகம் நிகழ்வதில்லை, முக்கியத்துவம் குறைவு என்று சொல்லி.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கில் தற்கொலையால் இறந்த பெண்கள் 45 ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லத்தரசிகள். துர்கைமின் அடிக்குறிப்பு இந்தியாவில் இத்தனை ஆயிரம் பேர். இந்த எண்ணை வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதும், முப்பத்தெட்டுப் பெண்களுக்கும் சமூகவியல் எதற்கு என்று விளங்கிவிடும். ‘அவளுக்கு மனசு சரியில்லை’ என்று ஊர் சொல்லும் சாவைச் சமூகத்தின் கணக்கில் எழுதக் கற்றுத்தரும் துறை இது. இதைப் பெண்களுக்குச் சொல்லாமல், நான்கு வகைகளின் பெயரை மட்டும் ஒப்பிக்கச் சொல்வது அநியாயம்.

1916இல் சொல்லப்பட்டது

சாதி அலகில் எம்.என். சீனிவாஸின் சமஸ்கிருதமயமாக்கம் வரும், ஆதிக்கச் சாதி வரும். தஞ்சாவூர்க்காரியான எனக்கு ஒரு தனிப் பெருமையும் வந்தது. ஆந்த்ரே பெத்தேயின் ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்ற 1965ஆம் ஆண்டு நூல் எங்கள் மாவட்டத்து ஊரைப் பற்றியது. ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘ஸ்ரீபுரம்’ என்று எழுதியிருப்பார். அக்கிரகாரத்தில் தங்கித்தான் ஆய்வு செய்தார், அதனால் சேரிக்குள் தன்னால் சுலபமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்கு மரியாதை. அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெரு, சேரி என்று ஊரை மூன்றாகக் காட்டும் அந்தப் பாடத்தைக் கேட்கும்போது, மூன்றிலும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இருந்த கோடு எங்கே என்று தோன்றியது. தலைப்பில் மூன்று சொற்கள் இருக்கின்றன. பெண் நான்காவதாகக்கூட இல்லை.

அந்தக் கோட்டை வரைந்துகாட்டியவர் ஒருவர் உண்டு. 1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் பி.ஆர். அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையை வாசித்தார். சாதியின் உயிர் அகமணம் என்றார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டுமானால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் ‘மிகை’யாகிவிடுகிறாள். அவள் வெளியே மணந்துவிடாமல் தடுக்க வேண்டும். அதற்குத்தான் உடன்கட்டை, கட்டாயக் கைம்மை. அதாவது, சாதி என்ற பூட்டுக்குச் சாவி பெண்ணுடைய உடலைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது. இதைத்தான் 1993இல் உமா சக்கரவர்த்தி பார்ப்பனிய ஆணாதிக்கம் என்ற கருத்தாக்கமாக விரித்தார். தலித் பெண்களின் குரல் தனியே ஒலிக்க வேண்டியதன் நியாயத்தை 1998இல் ஷர்மிளா ரெகே எழுதினார்.

என் பாடத்தில் அம்பேத்கர் அரசமைப்புச் சட்டத்தை எழுதியவராக வருகிறார். சமூகவியலாளராக வரவில்லை. வந்திருந்தால் ‘சாதி’ அலகும் ‘குடும்பம்’ அலகும் தனித்தனி அலகாக இருக்க முடியாது. நில உடைமைச் சாதி ஒன்றில் பிறந்தவள் நான். என் சாதி வீடுகளில் பெண்ணுக்குக் காட்டப்படும் ‘பாசம்’ எவ்வளவு தூரம் காவல் என்பதைச் சொல்லித்தர அந்த ஒரு கட்டுரை போதும்.

இங்கேதான் இணையவழிப் படிப்பைப் பற்றிய என் முக்கியமான குற்றச்சாட்டு வருகிறது. எங்கள் தெருவில் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கவில்லை. அவள் அம்மா என்னிடம் சொன்னார்: “காலேஜுக்கு அனுப்பினா எவனையாவது இழுத்துக்கிட்டு வந்து நிப்பா. நீதான் ஆன்லைன்ல படிக்கிறியேக்கா, அதையே இவளுக்கும் போட்டு விடேன்.” படிப்பும் ஆச்சு, பெண்ணும் வீட்டைத் தாண்டலை. 1916இல் அம்பேத்கர் சொன்ன வழிமுறைகளோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கல்லூரி என்பது பாடம் மட்டும் அல்ல. பேருந்து, கேன்டீன், நூலகம், வேறு சாதித் தோழியின் டிபன் பாக்ஸ், வேலைநிறுத்தம், பொய் சொல்லிவிட்டுப் பார்த்த சினிமா, ஒருவேளை காதல். பெண்ணுக்குப் பட்டத்தைக் கொடுத்து இவை அத்தனையையும் பிடுங்கிக்கொள்வது அகமணத்துக்கு மிகவும் வசதியான ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல ஒரு பி.ஏ. கிடைக்கும். அந்தப் பி.ஏ.வால் எந்தக் கோடும் அழியாது.

‘கரஸ்’ என்ற ஏளனம்

உடனே சிலர் கைதட்டுவார்கள்: “அதான் சொல்றோமே, கரஸ் டிகிரி எல்லாம் டிகிரியா?” அவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. முறையான அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று யுஜிசி 2022இல் தெளிவாகவே அறிவித்தது. ஆனாலும் நேர்காணலில் ‘ரெகுலரா, கரஸா?’ என்ற கேள்வி ஓயவில்லை. இந்த ஏளனம் யார் தலையில் விழுகிறது? 18 வயதில் கழுத்தை நீட்டியவள், தம்பியைப் படிக்கவைக்கத் தன் படிப்பை விட்டவள், அப்பா இறந்ததும் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனவள் தலையில். நாங்கள் இங்கே வந்தது இது சுலபம் என்பதால் அல்ல. மற்ற கதவுகளை வேறு யாரோ சாத்திவிட்டார்கள்.

அரசுகளும் இந்த ஏளனத்தில் பங்குதாரர்கள். உயர்கல்வியில் சேருவோர் விகிதத்தை 2035க்குள் 50 சதவீதமாக்குவது 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. அதே கொள்கை இணையவழிக்குக் கதவை அகலத் திறக்கிறது. விடுதி கட்ட வேண்டாம், பேருந்து விட வேண்டாம், ஆசிரியர் பணியிடத்தை நிரப்ப வேண்டாம், எண்ணிக்கை மட்டும் ஏறும். மாநில அரசு, அரசுப் பள்ளி மாணவிகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை வைத்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் தொலைநிலையில் படிப்பவளுக்கு அது கிடையாது. எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள நாங்கள் மாணவிகள். பணம் கொடுக்கும்போது இல்லை.

என்ன வேண்டும்?

எல்லாவற்றுக்கும் பிறகும் நான் இந்தப் படிப்பை விடமாட்டேன், யாரையும் விடச் சொல்லவும் மாட்டேன். ‘ஏன் இப்படி?’ என்று என் பாட்டியும் அம்மாவும் அடுப்படியில் கேட்டுவிட்டு ‘தலையெழுத்து’ என்று பதில் சொல்லிக்கொண்ட கேள்விகளுக்கு, வேறு பதில் தேடலாம் என்று அனுமதிக்கும் துறை இது. அதை அரைகுறையாகக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

எனவே கேட்கிறேன். மாதம் இரண்டு நாளாவது நேரடி வகுப்பு வேண்டும், அது தாலுகா ஊரிலேயே நடக்க வேண்டும். அங்கும் தேர்வு மையத்திலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஓர் ஆளும் வேண்டும். பால் குடிக்கும் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, மார்பு கட்டிக்கொண்டு மூன்று மணி நேரத் தேர்வு எழுதும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது தேர்வு அட்டவணை போடுபவருக்குத் தெரிய வேண்டும். அருகிலுள்ள அரசுக் கல்லூரி நூலகத்தில் எங்களுக்கும் உறுப்பினர் அட்டை வேண்டும். நேரடி மாணவிக்குக் கிடைக்கும் உதவித்தொகை எங்களுக்கும் வேண்டும்.

பாடம் தமிழில் எழுதப்பட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதை இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழ் வேண்டாம். காம்டுக்குப் பக்கத்தில் மார்ட்டினோ, பார்சன்ஸுக்குப் பக்கத்தில் ஓக்லி, சீனிவாஸுக்கு முன்னால் அம்பேத்கர் வேண்டும். உறவுமுறை அலகில் இராவதி கார்வேயும் லீலா துபேயும் வேண்டும். கொள்குறி வினாக்களைக் குறைத்துவிட்டு, எங்கள் வீட்டையும் தெருவையும் களமாக வைத்து எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு வீட்டில் யார் என்ன வேலை எத்தனை மணி நேரம் செய்தார்கள் என்று ஒவ்வொரு மாணவியும் மாணவனும் குறித்துக்கொண்டு வரட்டும். முப்பத்தெட்டு வீடுகளின் கணக்கு சேர்ந்தால் அதுதான் சமூகவியல் அறிமுகம். மாணவன் தன் பங்கு என்று எத்தனை நிமிடம் எழுதுகிறான் என்பதையும் பார்க்கலாம்.

இதையெல்லாம் கல்லூரி தரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கும் நீங்கள் நேரடிக் கல்லூரி மாணவியாக இருந்தால், உங்கள் ஊரில் இணையவழியில் படிக்கும் பெண் யாரென்று விசாரியுங்கள். உங்கள் நூலகப் புத்தகத்தை அவளோடு பகிருங்கள். நீங்களே இணையவழி மாணவியாக இருந்தால், உங்கள் வாட்ஸ்அப் குழுவைத் தேர்வுத் தேதி கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு கோயில் மண்டபத்திலோ பள்ளித் திண்ணையிலோ கூடுங்கள். கோயிலுக்குள் எல்லோரும் வர முடியாத ஊரென்றால் பள்ளித் திண்ணையே போதும். ஒரு கட்டுரையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். அன்று மதியச் சாப்பாட்டை வீட்டில் வேறு யாராவது சமைக்கட்டும்.

கல்லூரி இப்போது பெண்ணைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வரட்டும். வந்ததுதான் வந்தது, அந்த வீட்டில் யார் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்பதையும் பார்த்து, பாடத்தில் எழுதிக்கொள்ளட்டும்.